வெளியில் தங்கும் இரவுக்கு எந்த நெருப்பு? தரைத்தீ, இரும்புச்சட்டி, கரியடுப்பு, கேஸ் ஸ்டவ்

டிசம்பர் நெருங்கினாலே ஒரே மாதிரி கேள்விகள் வர ஆரம்பித்துவிடுகின்றன. ஏலகிரியில் நண்பருடைய தோட்டத்தில் டென்ட் போடுகிறோம், கேம்ப்ஃபயருக்கு விறகு வாங்கலாமா? கொடைக்கானலுக்குக் குழந்தைகளோடு போகிறோம், கரி போதுமா? கேஸ் ஸ்டவ் இருக்கும்போது இந்த வேலையெல்லாம் எதற்கு? கேட்பவர்களில் பெரும்பாலானோருக்கு எப்படி மூட்டுவது என்பதுதான் கவலை, எப்படி அணைப்பது என்று கேட்பவர்கள் அபூர்வம். என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரவு பதினொரு மணிக்கு, எல்லோருக்கும் கண் சொருகும் நேரத்தில், எந்த நெருப்பை உங்களால் முழுசாக அணைக்க முடியுமோ அதுதான் உங்களுக்கான நெருப்பு. மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

## முதலில் இடம்

காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சரணாலயங்களுக்கு 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். அதனால் இந்த ஒப்பீடு பட்டா நிலத்துக்கும், அனுமதியோடு நடக்கும் முகாம்களுக்கும், தங்கும் விடுதிகளின் வளாகத்துக்கும் மட்டும்தான். நிலம் யாருடையது என்று தெரியாத இடத்தில், "யாரும் பார்க்க மாட்டாங்க" என்று எவராவது சொன்னால் அங்கே நெருப்பே வேண்டாம். பட்டா நிலமாகவே இருந்தாலும் வேலிக்கு அந்தப் பக்கம் காடு தொடங்குகிறதா என்று பாருங்கள், ஏனென்றால் பறக்கிற பொறிக்கு வேலி தெரியாது.

அடுத்தது மாதம். பிப்ரவரியிலிருந்து கோடை மழை நன்றாகப் பிடிக்கும் வரை நம் மலைகளில் புல்லெல்லாம் வைக்கோலாகக் கிடக்கும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தது இந்தப் பருவத்தில்தான். சரிவான இடத்தில் தீ மேல்நோக்கி ஓடும் வேகம் பலருக்குத் தெரிவதில்லை. சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்பில் பயன்படுத்தும் பொதுக் கணக்கு. அந்த மாதங்களில் மலையில் தங்குகிறீர்கள் என்றால் விறகும் வேண்டாம் கரியும் வேண்டாம், நேராகக் கீழே உள்ள கேஸ் ஸ்டவ் பகுதிக்குப் போய்விடுங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

நெருப்பு எதற்கு என்பது முதல் கேள்வி. குளிர்காயவா, சமைக்கவா, சும்மா சுற்றி உட்கார்ந்து பேசவா? மூன்றுக்கும் ஒரே நெருப்பு சரிப்படாது. இரண்டாவது தரை. வெறும் மண்ணா, புல்லா, சருகு மெத்தையா, மணலா? மூன்றாவது காற்று. நான்காவது யார் கூட வருகிறார்கள் என்பது, அதாவது ஓடியாடும் குழந்தைகள், ஆஸ்துமா உள்ளவர்கள், ஷாலும் முந்தானையும் தொங்க உட்காருபவர்கள். ஐந்தாவது, பணமாகத் தெரியாத செலவு: தூக்கிப்போகும் எடை, தண்ணீர், கண் விழித்திருக்க ஓர் ஆள், சாம்பலை எங்கே கொட்டுவது என்ற தலைவலி. எல்லாவற்றுக்கும் மேலே அணைப்பது.

## தரையில் விறகுத் தீ

எல்லோர் மனத்திலும் இருக்கும் கேம்ப்ஃபயர் இதுதான். சூடும் வெளிச்சமும் இதற்கு ஈடாக வேறெதுவும் தராது. பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்தாலும் எல்லோருக்கும் அனல் வந்து சேரும். அதில் சந்தேகமில்லை.

ஆனால் இது கேட்கும் வேலையும் அதிகம். பத்தடி விட்டத்துக்குப் புல், சருகு, வேர் எல்லாவற்றையும் சுத்தமாக வழித்து வெறும் மண்ணைக் கொண்டுவர வேண்டும். டென்ட், மரக்கிளை, வண்டி எல்லாம் பதினைந்து அடிக்கு அப்பால் இருக்க வேண்டும். தலைக்கு மேலே அண்ணாந்து பாருங்கள், கிளை தாழ்ந்திருந்தால் அந்த இடமே வேண்டாம். சுற்றிலும் கல் அடுக்குவதாக இருந்தால் ஓடைக்குள் கிடந்த கூழாங்கல்லை எடுக்காதீர்கள். உள்ளே ஊறியிருக்கும் ஈரம் சூட்டில் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் கல்லையே வெடிக்க வைக்கும், சில்லு முகத்தில் தெறிக்கும்.

விறகைப் பொறுத்தவரை நம் ஊரில் சவுக்குக்கு மிஞ்சியது இல்லை என்பேன், நன்றாகக் காய்ந்த சவுக்கு நின்று எரிந்து நல்ல தணல் தரும். சீமைக்கருவேலமும் அப்படித்தான், என்ன, முள்ளைப் பார்த்துக் கையாள வேண்டும். முருங்கை, இலவு மாதிரி மெத்தென்ற மரங்கள் பொசுக்கென்று எரிந்து முடிந்துவிடும். அரளியைத் தொடவே தொடாதீர்கள். அது நச்சு மரம், அதன் புகையும் ஆகாது, அதன் குச்சியில் கறியைக் குத்திச் சுடுவது உயிருக்கே ஆபத்து. தைலமர இலையில் எண்ணெய் இருப்பதால் பக்கென்று பற்றிப் பொறி பறக்கும், கூட்டம் உட்கார்ந்திருக்கும் நெருப்பில் அதை அள்ளிப் போடும் பழக்கம் வேண்டாம். காய்ந்த விறகா என்று தெரிய இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் காய்ந்தது, தொத்தென்று கேட்டால் உள்ளே ஈரம். வெட்டுவாயில் வெடிப்பு விட்டிருப்பதும் நல்ல அடையாளம்.

மூட்டுவதற்குப் பெட்ரோலோ சானிடைசரோ டீசலோ தேவையே இல்லை. தென்னை பன்னாடையை உதிர்த்துக் கை நிறைய ஒரு கூடு மாதிரி செய்து, நடுவில் இரண்டு கட்டி சூடத்தை வையுங்கள். மேலே பென்சில் கனத்தில் சுள்ளிகளைக் கூம்பாகச் சாய்த்து நிறுத்துங்கள், காற்று வரும் பக்கத்தில் மட்டும் ஒரு வாசல் விட்டு. அந்த வாசல் வழியாகச் சூடத்தைப் பற்ற வைத்தால் மழைக்கால ஈரத்திலும் பன்னாடை பிடித்துக்கொள்ளும். சுள்ளி சடசடவென்று எரியத் தொடங்கியபின் கட்டைவிரல் கனம், அப்புறம் மணிக்கட்டுக் கனம் என்று ஏற்றுங்கள். பெரிய கட்டையை அவசரப்பட்டுப் போட்டால் தீ மூச்சுத் திணறிப் புகையாகக் கக்கும், அப்போதுதான் யாராவது பெட்ரோல் பாட்டிலோடு வருவார்கள். பெட்ரோலில் எரிவது அதன் ஆவி. நீங்கள் ஊற்றும்போதே அது தரையோடு பரவி உங்கள் காலடி வரை வந்திருக்கும், பற்றும்போது தீ பாட்டிலுக்குள்ளேயே ஏறும். அணைந்துபோன மாதிரி தெரியும் தணலில் ஊற்றுவது இன்னும் மோசம்.

உயரம் முழங்காலைத் தாண்ட வேண்டாம். அதற்கு மேல் போனால் யாராலும் பக்கத்தில் உட்கார முடியாது, விறகும் பொறியும்தான் வீண்.

இதன் மறைமுகச் செலவில் முக்கியமானது மண்ணுக்கு அடியில் இருக்கிறது. சோலைக்காட்டு ஓரங்களிலும் பைன் மரத்தடியிலும் சருகு மக்கி மெத்தை மாதிரி கிடக்கும். மேலே நீங்கள் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டுப் போனாலும், கீழே வேர் வழியாகக் கங்கு புகைந்துகொண்டே நகர்ந்து, மறுநாளோ அதற்கடுத்த நாளோ வேறோர் இடத்தில் தலைகாட்டும். இதனால்தான் அந்த மாதிரி தரையில் இந்த வழியை நான் யாருக்கும் சொல்வதில்லை. கடற்கரை மணலில் வேறு விதமான ஆபத்து. மணலைத் தள்ளி மூடிவிட்டால் அணைந்துவிட்டது என்று நினைக்கிறோம், உள்ளே தணல் மணிக்கணக்கில் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், மேலே எந்த அடையாளமும் இருக்காது, காலையில் ஓடிவரும் குழந்தை நேராக அதில் காலை வைக்கும்.

எப்போது இதுவே சரி? ஏற்கெனவே நெருப்புக் குழி கட்டியிருக்கும் இடம், பக்கத்திலேயே தண்ணீர்க் குழாய், மழை பெய்து ஈரமான நிலம், பெரிய கூட்டம். இந்த நான்கும் இருந்தால் தாராளமாகப் போடுங்கள்.

## இரும்புச்சட்டியில் விறகு

பெரும்பாலான குடும்பங்களுக்கு நான் சொல்வது இதைத்தான். அதே விறகு, அதே சுள்ளி, அதே சூடம், ஆனால் எல்லாம் ஒரு சட்டிக்குள். கடையில் காலோடு விற்கும் ஃபயர் பிட் வாங்கலாம். இல்லையென்றால் பழைய லாரி ரிம், பழுதான வாஷிங் மெஷினின் எவர்சில்வர் டிரம், கொத்தனார் சாந்து அள்ளும் இரும்புச் சட்டி, எதுவானாலும் வேலை நடக்கும். டிரம்மில் சுற்றிலும் ஓட்டை இருப்பதால் காற்று நன்றாக இழுத்து, புகை குறைந்து எரியும், இருட்டில் பார்க்கவும் அழகாக இருக்கும். பிளாஸ்டிக் பாகங்களைக் கழற்றிவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். துத்தநாகம் பூசிய தகர வாளி, டப் இவற்றைத் தவிருங்கள், கடும் சூட்டில் அந்தப் பூச்சிலிருந்து வரும் புகை உடம்புக்குக் கெடுதல்.

சட்டி நேராகத் தரையில் உட்காரக் கூடாது. மூன்று செங்கல் மேல் தூக்கி வையுங்கள், அடியில் காற்றோட்டம் இருந்தால் புல்லும் கருகாது, மண்ணும் வேகாது. சிமென்ட் தளத்தின் மேல் நேராக வைத்தால் சூட்டில் தளமே வெடித்துப் பெயரும். மரத் தளமுள்ள பால்கனியில் இதை வைக்கும் எண்ணமே வேண்டாம்.

அணைப்பதில்தான் இது ஜெயிக்கிறது. நெருப்பு முழுக்க உங்கள் கண்ணெதிரே ஒரே பாத்திரத்தில் இருக்கிறது, வேரும் இல்லை, மறைந்திருக்கும் கங்கும் இல்லை. தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டாமல் சொம்பால் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியுங்கள், சூடான இரும்பில் சட்டென்று நிறைய ஊற்றினால் கொதி நீராவி முகத்துக்கு வரும், சட்டியும் நெளியும். காற்று திடீரென்று வலுத்தால் ஒரு தகரத்தால் மூடிவிடலாம், தரைத்தீயில் அதற்கு வழியே கிடையாது.

குறையும் இருக்கிறது. லாரி ரிம்மைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும், நடந்து போகும் இடத்துக்கு ஒத்துவராது. சட்டி சின்னது என்பதால் கட்டையை ஒரு முழத்துக்கும் குறைவாக வெட்டி எடுத்துப் போக வேண்டும், நீளக் கட்டை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் எரிந்து ஒடிந்து கீழே விழும். ஐந்தாறு பேருக்கு மேல் சூடு எட்டாது. அப்புறம் அந்தச் சட்டியின் விளிம்பு, தீ அடங்கிய பிறகும் வெகுநேரம் கொதிக்கும், பார்த்தால் சாதாரண இரும்பாகத்தான் தெரியும். குழந்தைகள் இருந்தால் சுற்றிலும் நாற்காலிகளை வளையமாகப் போட்டு அதற்குள் யாரும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

## கரியடுப்பு

சமைப்பதற்குத்தான் இது. குளிர்காய்வதற்கு இதை நம்பாதீர்கள். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கும் சீமைக்கருவேலங்கரி எளிதாகக் கிடைக்கும், சிரட்டைக்கரி இன்னும் சுத்தமாக எரியும். பற்றவைத்து, கரியின் மேல் சாம்பல் பூத்து உள்ளே செக்கச் சிவக்க அரை மணி நேரம் ஆகும், அதற்கு முன்னால் கறியை வைத்தால் புகைவாசம்தான் வரும். பாதி வெந்த கரியாக இருந்தால் படபடவென்று வெடிக்கும், வாங்கும்போது உடைத்துப் பாருங்கள், உள்ளே மரநிறம் தெரிந்தால் வேண்டாம்.

இனி சொல்வதை தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். சமைத்து முடித்ததும் தணல் அழகாக, புகையில்லாமல் கனன்றுகொண்டிருக்கும். வெளியே பனி கொட்டும். "இதை டென்டுக்குள்ள வைச்சா கதகதன்னு இருக்குமே" என்று எவருக்காவது தோன்றும். கரித்தணல் கடைசி வரை கார்பன் மோனாக்சைடை வெளியேற்றுகிறது. அதற்கு நிறமில்லை, வாசமில்லை, கண் எரியாது, இருமலும் வராது. லேசாகத் தலை வலிக்கும், தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், தூங்குபவர் எழுந்திருப்பதில்லை. மலை ஊர்களில் கரியடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு படுத்தவர்கள் இறந்த செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்பதும் தவறு. டென்ட், அறை, கார், எதற்குள்ளும் கரி போகக் கூடாது.

அணைப்பதும் லேசல்ல. நீறு பூத்த நெருப்பு என்று சும்மாவா சொன்னார்கள், சாம்பலுக்குள் கங்கு ஒரு நாள் முழுக்கக்கூட உயிரோடு இருக்கும். மூடியுள்ள அடுப்பென்றால் காற்று வழிகளை எல்லாம் அடைத்துவிட்டு விடியும்வரை விடலாம். மூடி இல்லையென்றால் தண்ணீர் நிறைந்த வாளியில் கரியைக் கொஞ்சம் கொஞ்சமாக இடுக்கியால் எடுத்துப் போடுங்கள். விடுதியின் பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியில் சாம்பலைக் கொட்டாதீர்கள்.

## கேஸ் ஸ்டவ்

குமிழைத் திருப்பினால் எரியும், திருப்பினால் அணையும். அணைப்பதை வைத்து மட்டும் மதிப்பெண் போட்டால் இதுதான் முதலிடம். கோடையில், காற்றடிக்கும் மேட்டில், நெருப்பு அனுமதியில்லாத இடத்தில் டீக்கும் மேகிக்கும் இதைவிட நல்ல வழி கிடையாது, அங்கேயும் இடத்துக்காரரிடம் ஸ்டவ்வுக்கு அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் குளிருக்கு இது உதவாது. வெளிச்சத்துக்கு எல்இடி விளக்கு, குளிருக்குக் கம்பளி, சமையலுக்கு கேஸ் என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டால் நெருப்பே இல்லாமல் ஓர் இரவை நன்றாகக் கழிக்கலாம்.

சிக்கல் மூன்று. ஒன்று, ரயிலிலும் விமானத்திலும் கேஸ் கேனையோ சிலிண்டரையோ கொண்டு போக முடியாது. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நிறுத்தி வைத்திருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் தீப்பிடித்து 9 பேர் இறந்தது உள்ளே விதியை மீறிக் கொண்டுவந்த சிலிண்டரால்தான். ரயிலில் மலையடிவாரம் வரை போகிறவர்கள் கேனை அங்கே போய் வாங்கிக்கொள்ள வேண்டும், கிடைக்குமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். இரண்டு, பக்கவாட்டில் கேன் மாட்டும் கேசட் ஸ்டவ்வில் பெரிய தோசைக்கல்லைப் போட்டால் அது கேன் இருக்கும் பக்கம் வரை நீண்டு, அடியில் தேங்கும் சூடு கேனைச் சூடேற்றி வெடிக்க வைக்கலாம். காற்றுக்காக ஸ்டவ்வைச் சுற்றித் தகடு வைத்து முழுசாக மூடுவதும் அதே ஆபத்துதான். பாத்திரம் அடுப்பு வளையத்தைத் தாண்டாமல் இருக்கட்டும். மூன்று, கேனில் இருப்பது வெறும் பியூட்டேன் என்றால் பூஜ்ஜியம் டிகிரியை நெருங்கும் ஊட்டி ஜனவரி விடியலில் அது சரியாக ஆவியாகாது, தீ சோர்ந்துபோகும். புரொப்பேன் கலந்த கேன் வாங்குங்கள், அல்லது இரவில் கேனை ஸ்வெட்டரில் சுற்றி வையுங்கள். வெந்நீரிலோ நெருப்பின் பக்கத்திலோ வைத்துச் சூடேற்ற வேண்டாம். அடைத்த டென்டுக்குள் இதையும் எரிக்கக் கூடாது, கார்பன் மோனாக்சைடு இதிலும் வரும்.

## ஒரே பார்வையில்

| | தரைத்தீ | இரும்புச்சட்டி | கரியடுப்பு | கேஸ் ஸ்டவ் |
|---|---|---|---|---|
| குளிருக்கு | மிக நன்று | நன்று, ஐந்தாறு பேருக்கு | போதாது | இல்லை |
| சமையலுக்கு | தணல் வரும்வரை காத்திருக்க வேண்டும் | ஓரளவு | மிக நன்று | மிக நன்று |
| புகை | அதிகம் | நடுத்தரம் | பற்றும்போது மட்டும் | இல்லை |
| முழுசாக அணைக்க | அரை மணிக்கு மேல், வாளி வாளியாகத் தண்ணீர் | கால் மணி, ஒரு வாளி | விடியும்வரை, அல்லது தண்ணீர் வாளி | உடனே |
| தெரியாத செலவு | கருகும் மண், கண் விழிக்கும் ஆள் | எடை, வெட்டிய விறகு | சாம்பல், நச்சு வாயு | கேன் கிடைப்பது, காலி கேன் |
| வேண்டவே வேண்டாம் | சருகு, புல், சரிவு, கோடை | மரத்தளம், கோடைக்கால மலை | அறை, டென்ட், கார் | ரயில், விமானம், அடைத்த டென்ட் |

குழந்தைகளும் பெரியவர்களுமாக ஒரு குடும்பம் என்றால் குளிர்காய இரும்புச்சட்டி, சமைக்க கேஸ், இரண்டும் சேர்ந்தது. கறி சுடுவதுதான் நோக்கம் என்றால் கரி, திறந்த வெளியில். கல்லூரி நண்பர்கள் பதினைந்து பேர் என்றால் கட்டிய குழியில் தரைத்தீ, ஆனால் குடிக்காத ஒருவர் கடைசி வரை பொறுப்பேற்க வேண்டும், அந்த ஆள் யாரென்று மூட்டும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் விறகை விட்டுவிடுங்கள். விடுதியில் கேம்ப்ஃபயருக்குத் தனிக் கட்டணம் கேட்டால் எதை எரிப்பார்கள், எதை ஊற்றி மூட்டுவார்கள், யார் அணைப்பார்கள் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். பழைய டயரும் டீசலும் என்றால் மறுத்துவிடுங்கள், அந்தப் புகைக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

எதைத் தேர்ந்தாலும் நைலான், பாலியஸ்டர் உடையோடு நெருப்பருகே உட்காராதீர்கள், பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். பருத்தியோ கம்பளியோ நல்லது. சுட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். ஐஸ், பற்பசை, பேனா மை எதுவும் வேண்டாம்.

## அணைக்கும் முறை

படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே புது விறகு போடுவதை நிறுத்துங்கள். கட்டைகள் தணலாக உடைந்தபின் குச்சியால் பரப்பிவிட்டு, விளிம்பிலிருந்து நடுவை நோக்கித் தண்ணீர் தெளியுங்கள். உஸ்ஸென்ற சத்தம் அடங்கும்வரை தெளித்து, பிறகு கிளறி, அடியில் இருப்பதை மேலே கொண்டுவந்து மறுபடி தெளியுங்கள். மேலே கருத்து, புரட்டினால் அடியில் சிவந்திருக்கும் கட்டைதான் பெரும்பாலும் ஏமாற்றும், ஒவ்வொன்றையும் புரட்டிப் பாருங்கள். மண்ணைப் போட்டு மூடுவது அணைப்பதாகாது, அது சூட்டைப் பொத்தி வைக்கும், அவ்வளவுதான். கடைசியில் புறங்கையைச் சாம்பலுக்கு மேலே கிட்டத்தில் பிடியுங்கள். சூடு தெரியவில்லை என்றால் மெல்லத் தொடுங்கள். தொட முடியாத அளவுக்குச் சூடாக இருந்தால் இன்னும் ஒரு வாளி வேண்டும்.

தண்ணீரை இரண்டு வாளி, 30 லிட்டர் போல, நெருப்பு மூட்டும் முன்பே பக்கத்தில் நிரப்பி வையுங்கள், ஒரு மண்வெட்டியும் கூட. குடிக்க எடுத்து வந்த கேனை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். தீ வட்டத்தைத் தாண்டிப் புல்லில் பிடித்துவிட்டால், ஓரிரு நிமிடத்தில் அடிக்க முடியாத தீயை அடிக்க நிற்காமல் எல்லோரையும் கூட்டிக்கொண்டு சரிவில் மேலே போகாமல் பக்கவாட்டிலோ கீழ்ப்பக்கமோ விலகி, 101 அல்லது 112-ஐ அழையுங்கள். நீங்கள் தங்கும் இடத்தில் செல்போன் சிக்னல் எங்கே கிடைக்கிறது என்பதை வெளிச்சம் இருக்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.